பிரஸ்டீஜ் மாதம் எவ்வளவு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி.யில் ‘வியட்நாம் வீடு’ போட்டார்கள். மாடி வீட்டு சார் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தார். அவர் வீட்டு டி.வி. ரிப்பேர். சிவாஜி கணேசன் தளர்ந்துபோகிற இடம் வந்ததும் துண்டை எடுத்தவர், கடைசிவரை கீழே வைக்கவில்லை.

படம் முடிந்தது. ‘‘பசங்களை நம்பற காலம் வந்துடுச்சுன்னா மனுஷன் போய்ச் சேர்ந்துடணும் சார்’’ என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். விமர்சனம் எழுதிப் பழகிய வாய். ‘‘அது இருக்கட்டும் சார்... பத்மநாபனுக்கு பி.எஃப். எவ்வளவு வந்திருக்கும்?’’ என்று கேட்டுவிட்டேன்.

ஒரு பார்வை பார்த்தார். அழுதுகொண்டிருக்கிறவனிடம் பஸ் டிக்கெட் கேட்ட கண்டக்டரைப் பார்ப்பதுபோல. காபியைப் பாதியில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

கேட்ட நேரம் தப்பு. கேள்வி தப்பா? இந்த வாரம் முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

‘வியட்நாம் வீடு’ 1970-ல் வந்தது. முதலில் சிவாஜியின் நாடகக் குழு மேடையில் நடத்திய நாடகம். எழுதிய சுந்தரத்துக்குக் கடைசிவரை அதுவே பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. இயக்கம் பி. மாதவன். வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்த சமயம். ஓயாத சண்டை நடக்கிற வீட்டுக்கு அந்தப் பெயர் கச்சிதம்.

படத்தின் பெரிய பலம் ஒரே ஒரு வார்த்தை. பிரஸ்டீஜ். பத்மநாபன் வார்த்தைக்கு வார்த்தை அதைச் சொல்லிச் சொல்லி, அதுவே அவருடைய இனிஷியல் மாதிரி ஆகிவிட்டது. சம்பளம் நின்ற மறுநாளே வீட்டில் குரலுக்கு மரியாதை குறைகிறது என்பதை இந்தப் படம் அளவுக்குத் துல்லியமாகக் காட்டிய தமிழ்ப் படம் இன்னொன்று இல்லை. சிவாஜியின் நடிப்பை மிகை என்பவர்கள், ஆபீஸ் போகிற பத்மநாபனின் முதுகையும் ரிட்டயர் ஆன பத்மநாபனின் முதுகையும் மட்டும் பார்க்கட்டும். நடிப்பு அங்கே இருக்கிறது.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் என் குறை. இந்தப் படத்தைப் பற்றி எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன். எல்லாரும் பிள்ளைகளைத் திட்டியிருக்கிறார்கள். மருமகளைத் திட்டியிருக்கிறார்கள். காலத்தைத் திட்டியிருக்கிறார்கள். பத்மநாபன் 40 வயதில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. நம் சினிமா நம்மை அப்படிப் பழக்கியிருக்கிறது. ரிட்டயர்மென்ட் என்பது பாசப் பிரச்னை. பிள்ளை நல்லவன் என்றால் சுபம். கெட்டவன் என்றால் சோகம். நடுவில் பாஸ்புக் என்று ஒன்று இருப்பது கேமராவின் கண்ணில் படுவதே இல்லை.

ஹிந்தியில் 2003-ல் வந்த ‘பாக்பன்’ இந்த வியாதியை இன்னும் முற்ற வைத்தது. அமிதாப் பச்சனும் ஹேமமாலினியும் நடித்து, ரவி சோப்ரா இயக்கிய படம். நான்கு பிள்ளைகள். அப்பா கையில் இருந்ததையெல்லாம் அவர்களுக்கே செலவு செய்துவிட்டு ரிட்டயர் ஆகிறார். பிள்ளைகள் அப்பாவையும் அம்மாவையும் பிரித்து, ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று பங்கு போட்டுக்கொள்கிறார்கள். மூக்குக் கண்ணாடி உடைந்தால் மாற்றுவதற்கும் மகனின் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. தியேட்டரில் கைக்குட்டைகள் நனைந்தன.

அமிதாப் அந்தப் படத்தில் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? பாங்க் உத்தியோகம்! ஊரார் பணத்துக்கெல்லாம் டெபாசிட் ரசீது போட்டுக் கொடுத்தவர் தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளவில்லை.

அதைவிடப் பெரிய வேடிக்கை, படம் சொல்லும் தீர்வு. அவர் ராத்திரி ராத்திரியாக டைப் அடித்து ஒரு நாவல் எழுதுகிறார். அது விற்பனையில் சக்கைப்போடு போடுகிறது. பணம், புகழ், விருது, மேடையில் பிள்ளைகளுக்குச் சவுக்கடி மாதிரி ஒரு பேச்சு. சுபம்.

உங்களிடம் ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். நான் புத்தகம் எழுதிப் பிழைக்கிறவன். வருஷத்துக்கு ஒருமுறை எனக்கும் ராயல்டி வரும். அது வந்த அன்று வீட்டில் பாயசம் வைக்கலாம். முந்திரிப்பருப்பு போடுவதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆகவே நாவல் எழுதி ரிட்டயர்மென்ட்டைச் சமாளிக்கலாம் என்று யாராவது திட்டம் வைத்திருந்தால், தயவுசெய்து வேலையை விட்டுவிடாதீர்கள்.

படங்கள் ஒரு பக்கம் அழவைக்க, விளம்பரங்கள் இன்னொரு பக்கம் சிரிக்கவைக்கின்றன. பென்ஷன் பாலிசி விளம்பரங்களைக் கவனித்துப் பாருங்கள். தலை நரைத்திருக்கும், ஆனால் முடி அடர்த்தியாக இருக்கும். முட்டி வலி கிடையாது. வெள்ளைச் சட்டை, மடித்துவிட்ட பேன்ட், பக்கத்தில் மனைவி, எதிரே கடல். ‘நீங்கள் விரும்பும் ஓய்வுக்காலம்’ என்று ஒரு கனிவான குரல். அந்தத் தம்பதிக்கு உறவுக்காரர்களே கிடையாது போலிருக்கிறது. ஒரு கல்யாணப் பத்திரிகைகூட வந்து நான் பார்த்ததில்லை.

ஆக, சினிமாவில் ரிட்டயர் ஆனவர் வாங்குகிறவர். விளம்பரத்தில் தனக்குத் தானே செலவு செய்துகொள்கிறவர். நம் தெருவில் இருக்கிற நிஜமான ரிட்டயர்டு மனிதர் இரண்டிலும் இல்லை. அவர் என்ன ஆசைப்படுகிறார் என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் இரண்டு வெளிநாட்டுப் படங்கள்.

1937-ல் ஹாலிவுட்டில் லியோ மெக்கேரி ‘மேக் வே ஃபார் டுமாரோ’ என்று ஒரு படம் எடுத்தார். ‘பாக்பன்’ பார்த்தவர்களுக்குக் கதை உடனே பிடிபடும். வயதான தம்பதி. ஐந்து பிள்ளைகள். பாங்க் வீட்டை எடுத்துக்கொள்கிறது. அப்பா ஒரு பிள்ளை வீட்டில், அம்மா இன்னொரு பிள்ளை வீட்டில்.

ஆனால் முதல் காட்சியைப் பாருங்கள். பிள்ளைகளை வரவழைத்து விஷயத்தைச் சொல்கிறார்கள் பெற்றோர். பாங்க் எவ்வளவு அவகாசம் கொடுத்தது என்று கேட்கிறார்கள் பிள்ளைகள். ஆறு மாதம். சரி, ஆறு மாதம் இருக்கிறதே என்று எல்லாருக்கும் மூச்சு வருகிறது. அந்த ஆறு மாதம் எப்போது முடிகிறது? அப்பா அசடு வழியச் சொல்கிறார்: வருகிற செவ்வாய்க்கிழமை.

எனக்குத் தெரிந்து ரிட்டயர்மென்ட் பற்றி எடுக்கப்பட்ட மிகச் சிறந்த காட்சி இதுதான். இதில் வில்லன் யார்? பிள்ளைகளா? அவர்களுக்கே இப்போதுதான் தெரிகிறது. ஆறு மாதமாக விஷயத்தை மறைத்து வைத்திருந்தது அப்பாவின் பிரஸ்டீஜ். ‘பிள்ளைகளைத் தொந்தரவு பண்ண வேண்டாம்’ என்ற நல்ல எண்ணம். நல்ல எண்ணம் செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான் தாங்கும்.

மெக்கேரி பிள்ளைகளை அரக்கர்களாகக் காட்டவில்லை. மருமகள் வீட்டில் சீட்டாட்ட வகுப்பு நடத்திச் சம்பாதிக்கிறாள். வகுப்பு நடக்கும்போது மாமியார் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ‘கிரீச் கிரீச்’சென்று ஆடுகிறார். யார் மேல் தப்பு சொல்வீர்கள்? இடம் போதவில்லை, பணம் போதவில்லை, அவ்வளவுதான். கடைசியில் கிழவரை தூரத்து மகள் வீட்டுக்கு ரயில் ஏற்றி விடுகிறார் மனைவி. தான் முதியோர் இல்லத்துக்குப் போகப்போவதைச் சொல்லாமலே. ஸ்டூடியோ சந்தோஷ முடிவு கேட்டது. மெக்கேரி மறுத்துவிட்டார். அதே வருஷம் அவர் எடுத்த வேறொரு நகைச்சுவைப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தபோது, தப்பான படத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்றார்.

அந்தப் படம் வந்த சமயத்தில் அமெரிக்காவில் ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. 1935-ல் முதியோர் பென்ஷனுக்கு சட்டம் போட்டுவிட்டார்கள். ஆனால் மாதாந்திரப் பணம் கைக்கு வர 1940 ஜனவரி ஆயிற்று. முதல் மாதாந்திர செக்கைப் பெற்றவர் ஐடா மே ஃபுல்லர் என்ற பெண்மணி. தொகை 22 டாலர் 54 சென்ட். அவர் சம்பளத்திலிருந்து அதுவரை பிடித்தது மொத்தம் 24 டாலர் 75 சென்ட். அம்மணி 100 வயது வரை இருந்தார். 1975-ல் காலமாகும்வரை வாங்கிய மொத்தத் தொகை 22,888 டாலர் சொச்சம்!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஐடா மே ஃபுல்லருக்கு வாய்த்தது ஒரு ஏற்பாடு. பாசம் அல்ல. மாதம் பிறந்தால் தபால்காரர் வருவார். யாரையும் கேட்க வேண்டாம்.

இரண்டாவது படம் இத்தாலி. 1952-ல் விட்டோரியோ டி சிகா எடுத்த ‘உம்பர்டோ டி.’ ரிட்டயரான அரசாங்க ஊழியர். பென்ஷன் வருகிறது, போதவில்லை. படமே பென்ஷனை உயர்த்தச் சொல்லி முதியவர்கள் போகிற ஊர்வலத்தில்தான் ஆரம்பிக்கிறது. வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரி துரத்துகிறாள். பிள்ளை குட்டி கிடையாது, ஒரு நாய் மட்டும். ஒருநாள் தெருவில் நின்று பிச்சை கேட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்கிறார். கையை நீட்டுகிறார். ஒருவர் நின்று காசை எடுக்கிறார். உடனே கிழவர், மழை தூறுகிறதா என்று பார்ப்பவர்போல உள்ளங்கையைத் திருப்பிவிடுகிறார்.

வசனமே இல்லாத காட்சி. பத்மநாபன் படம் முழுக்கச் சொன்ன ‘பிரஸ்டீஜ்’ இந்த ஒரு கை திரும்புவதில் இருக்கிறது.

* * *

இப்போது மாடி வீட்டு சாருக்கு வருவோம்.

நான்காவது நாள் அவரே இறங்கி வந்தார். கையில் ஒரு துண்டுக் காகிதம். ‘‘நீங்க கேட்டீங்களே, பி.எஃப். எவ்வளவுன்னு. பத்மநாபனோடது தெரியாது. என்னோடது இது’’ என்று நீட்டினார். எழுதலாமா என்று கேட்டேன். பேர் போடாமல் எழுதுங்கள் என்றார்.

அம்பத்தூரில் ஒரு தனியார் கம்பெனி. அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் 34 வருஷம். 2008-ல் 58 வயதில் ரிட்டயர்மென்ட். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 18 லட்சம். அதில் 8 லட்சம் பெண் கல்யாணத்துக்கு. 6 லட்சம் பையன் பழைய மகாபலிபுரம் சாலையில் வாங்கிய ஃபிளாட்டுக்கு முன்பணம். மீதி 4 லட்சம் பாங்கில் டெபாசிட்.

அன்றைக்கு வட்டி 9 சதவீதத்துக்குக் குறையாமல் கிடைத்தது. மாதம் 3,000 ரூபாய். பி.எஃப். பென்ஷன் ஏறக்குறைய 2,000. ஆக 5,000. சொந்த ஃபிளாட், வாடகை கிடையாது. அப்போது அது போதும்போலத்தான் இருந்தது. பிறகு இரண்டு காரியம் நடந்தது. விலைவாசி ஏறியது. வட்டி இறங்கியது. 2020, 2021-ல் வட்டி 6 சதவீதத்தை ஒட்டி வந்தபோது, அந்த 3,000 இரண்டாயிரம் ஆகிவிட்டது. பி.எஃப். பென்ஷன் விலைவாசியோடு சேர்ந்து ஏறுவதில்லை. அது மைல்கல் மாதிரி, வைத்த இடத்தில் இருக்கும்.

‘‘பையன் எப்படி சார்?’’ என்றேன்.

‘‘தங்கமான பையன் சார். கரன்ட் பில் அவன்தான் கட்டறான். மளிகை ஆன்லைன்ல அனுப்பிடறான். ஆஸ்பத்திரின்னா லீவு போட்டுட்டு வந்துடுவான்.’’

‘‘பின்னே ஏன் சார் அன்னிக்கு அப்படி அழுதீங்க?’’

கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். ‘‘எல்லாம் பண்றான். ஆனா எல்லாத்துக்கும் கேக்கணும். மொய் எழுத ஐந்நூறு ரூபா வேணும்னு பையன்கிட்ட எப்படி சார் கேக்கறது? அதான் மூணு வருஷமா நான் கல்யாணத்துக்கே போறதில்லை. முட்டி வலின்னு சொல்லிடறேன்.’’

முட்டி வலி உண்மையிலேயே உண்டா என்று நான் கேட்கவில்லை.

உம்பர்டோவின் உள்ளங்கை நினைவுக்கு வந்தது. அவர் மழை பார்த்தார். இவர் முட்டி வலி என்கிறார்.

கவனியுங்கள். இந்தக் கதையில் கெட்ட மகன் இல்லை. கொடுமைக்கார மருமகள் இல்லை. சினிமாக்காரர்கள் இதைப் படமாக எடுக்க மாட்டார்கள். ஆனால் இதுதான் வீட்டுக்கு வீடு நடக்கிற படம். நம் ஊர்ப் பெரியவருக்குக் கடற்கரையில் பேன்ட்டை மடித்துவிட்டு நடக்கிற ஆசை பெரிதாக இல்லை. கல்யாணத்தில் மொய் எழுத வேண்டும். தீபாவளிக்குப் பேரன் கையில் ஒரு புது நோட்டு வைக்க வேண்டும். குலதெய்வத்துக்குச் சொந்தச் செலவில் ஒரு பொங்கல் வைக்க வேண்டும். வேலைக்காரம்மா பெண் படிப்புக்கு ஆயிரம் கொடுக்க வேண்டும். அதாவது கடைசிவரை கொடுக்கிற கையாக இருக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் பிரஸ்டீஜ். அதற்கு மாதச் செலவு இவ்வளவு என்று ஒரு தொகை உண்டு என்பதைத்தான் எந்தப் படமும் எந்த விளம்பரமும் சொல்லவில்லை.

அந்தத் தொகையை நாம் போடுவோம். பயப்படாதீர்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 12 கல்யாணம், காதுகுத்து. மொய் ஆயிரம் வீதம் 12,000. தீபாவளி 15,000. கோயில் குளம், சொந்த ஊர் என்று ஒரு பயணம் 30,000. தானம் தர்மம் 3,000. மொத்தம் 60,000. மாதத்துக்கு 5,000. இதுதான் பிரஸ்டீஜ். சாப்பாடு, மருந்து, கரன்ட் எல்லாம் தனி.

இந்த 5,000-ஐ 25 வருஷம் தடையில்லாமல் தர எவ்வளவு முதல் வேண்டும்? போடுகிற பணத்துக்குக் கிடைக்கிற வட்டியும் ஏறுகிற விலைவாசியும் சமம் என்று வைத்துக்கொண்டால், ஒன்றை ஒன்று அடித்துவிடும். 25 வருஷம் என்றால் 300 மாதம். 5,000-ஐ 300-ஆல் பெருக்குங்கள். 15 லட்சம்.

‘300 மடங்கு’ என்பது என் கண்டுபிடிப்பு இல்லை. 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர், சேமிப்பில் முதல் வருஷம் 4 சதவீதம் எடுக்கலாம், பிறகு விலைவாசிக்கு ஏற்றபடி கூட்டிக்கொள்ளலாம், 30 வருஷம் தாங்கும் என்று எழுதினார். 4 சதவீதம் என்பதைத் திருப்பிப் போட்டால் வருஷச் செலவைப் போல 25 மடங்கு. அதுவும் 300 மாதமும் ஒன்றுதான். ஆனால் அவர் பார்த்தது அமெரிக்கப் பங்குச் சந்தை, அமெரிக்க பாண்டுகளின் பழைய சரித்திரம். நம் ஊருக்கு அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. குறைந்தபட்சம் இது வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

மாடி வீட்டு சாரின் கணக்குக்கு இதைப் பொருத்திப் பார்த்தேன். 2008-ல் மொய் 200, 250-தான். அவருடைய பிரஸ்டீஜுக்கு மாதம் 2,000 போதுமாக இருந்திருக்கும். 300-ஆல் பெருக்கினால் 6 லட்சம். சரியாக, ஃபிளாட்டுக்கு எடுத்துக் கொடுத்த தொகை. மகன் முன்பணத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் பொறுத்திருக்கலாம், அல்லது பாங்கில் கொஞ்சம் கூடக் கடன் வாங்கியிருக்கலாம். வீடு வாங்க பாங்க் கடன் கொடுக்கும். கல்யாணத்துக்கும் கொடுக்கும். ரிட்டயர்மென்ட்டுக்கு மட்டும் யாரும் கடன் கொடுக்க மாட்டார்கள். இதை நான் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. ‘‘அக்கவுண்ட்ஸ்ல 34 வருஷம் இருந்தேன் சார். எவன் வந்து சொல்லியிருக்கணும் எனக்கு?’’ என்றார்.

இப்போது உங்கள் கணக்கு. உங்களுக்கு 40 வயது. பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், வீட்டுக் கடன் எல்லாம் கழித்து, நீங்கள் இரண்டு பேர் மட்டும் வாழ இன்றைய விலையில் மாதம் 30,000 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிரஸ்டீஜ் உட்பட. விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினால், உங்கள் 60 வயதில் அதே வாழ்க்கைக்கு 96,000 ரூபாய். 300-ஆல் பெருக்கினால் 2 கோடியே 88 லட்சம்.

தலை சுற்றுகிறதா? சுற்றட்டும். 59 வயதில் சுற்றுவதைவிட 40-ல் சுற்றுவது நல்லது. இதில் உங்கள் பி.எஃப்.புக்கு ஒரு பங்கு இருக்கும், கழித்துக்கொள்ளலாம். ஆனால் பி.எஃப். பென்ஷனை ரொம்ப நம்பிவிடாதீர்கள். 2014 செப்டம்பரில் அதற்கான சம்பள உச்சவரம்பை 15,000 ரூபாய் என்று வைத்தார்கள். அந்தக் கணக்குப்படி 35 வருஷம் உழைத்தால் மாதம் 7,500. நீங்கள் ஒரு லட்சம் சம்பளம் வாங்கினாலும் அதே 7,500-தான்.

சின்ன வயசுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 25 வயதில் ஆரம்பித்து மாதம் 1,000 ரூபாய், 8 சதவீத வளர்ச்சியில் போட்டுக்கொண்டு வந்தால் 60-ல் ஏறக்குறைய 23 லட்சம். அதே ஆயிரத்தை 40-ல் ஆரம்பித்தால் 5 லட்சத்து 89 ஆயிரம். போட்ட பணம் முதல் ஆளுக்கு 4 லட்சத்து 20 ஆயிரம், இரண்டாம் ஆளுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். இரண்டு மடங்குகூடப் போடவில்லை, ஆனால் நான்கு மடங்கு கிடைக்கிறது. அந்தப் 15 வருஷம் செய்கிற வேலை அது.

ரிட்டயர் ஆகிவிட்டவர்களுக்கு என்ன வழி? தபால் ஆபீஸிலும் பாங்கிலும் இருக்கிற மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடக்கூடிய உச்சவரம்பை 2023 ஏப்ரலில் 30 லட்சமாக உயர்த்தினார்கள். அந்த மாதம் வட்டி 8.2 சதவீதம். அப்படி 30 லட்சம் போட்டவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வரும். சேரும்போது இருக்கிற வட்டி ஐந்து வருஷத்துக்கு மாறாது. நிம்மதியான ஏற்பாடு. ஆனால் ஒரு எச்சரிக்கை. 6 சதவீத விலைவாசியில் எந்தத் தொகைக்கும் 12 வருஷத்தில் பாதி மதிப்புதான். வருகிற வட்டி முழுவதையும் செலவு செய்தால், 60-ல் ராஜா, 72-ல் சேவகன். வட்டியில் ஒரு பகுதியைத் திரும்ப முதலில் சேர்த்துக்கொண்டே வர வேண்டும்.

‘சட்டம் இருக்கிறதே, பிள்ளைகள் காப்பாற்றித்தானே ஆக வேண்டும்’ என்பார்கள். இருக்கிறது. 2007-ல் வந்த சட்டம். பெற்றோர் மனு கொடுத்து ஜீவனாம்சம் கேட்கலாம். அந்தச் சட்டம் வைத்த உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, பிள்ளை பராமரிக்கவில்லை என்றால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யவும் அதில் வழி இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் மொய் எழுத ஐந்நூறு கேட்கக் கூசுகிற மனிதர், மகன் மேல் மனு எழுதிக்கொண்டு போவாரா?

வீட்டை வைத்துக்கொண்டே பாங்கிடமிருந்து மாதாமாதம் பணம் வாங்குகிற ‘ரிவர்ஸ் மார்ட்கேஜ்’ திட்டமும் அதே 2007-ல் வந்தது. கணக்குப்படி பார்த்தால் கையில் காசில்லாமல் காங்கிரீட் மட்டும் வைத்திருக்கிற நம் பெரியவர்களுக்கென்றே செய்ததுபோல இருக்கும். ஆனால் நம் வீடுகளில் எடுபடவில்லை. காரணம் எளிது. ‘வீடு பிள்ளைக்கு’ என்று மனதில் எழுதி எப்போதோ பதிவு செய்துவிட்டோம். அரைப் பட்டினி கிடந்து சொத்து சேர்த்து வைப்பதும் ஒருவித பிரஸ்டீஜ்தான். அந்தப் பிள்ளை அதைக் கேட்டானா என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். பாதிப் பேர் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இரண்டே விஷயம். ஒன்று, ‘எவ்வளவு சேர்க்க வேண்டும்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘ரிட்டயர் ஆன பிறகு ஒரு சாதாரண புதன்கிழமை எப்படி இருக்க வேண்டும்’ என்று ஆரம்பியுங்கள். யார் யாருக்கு என்ன கொடுக்க ஆசை என்று எழுதுங்கள். தொகை தானாக வரும். இரண்டு, அந்தக் காகிதத்தைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். கல்யாணத்துக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு, இதற்குமேல் இருப்பது எங்களுடையது என்று சொல்லுங்கள். முகம் சுளிப்பார்களோ என்று பயமாக இருக்கும். செவ்வாய்க்கிழமைக்கு முதல் நாள் சொன்னால்தான் முகம் சுளிப்பார்கள். பத்து வருஷம் முன்னால் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

மாடி வீட்டு சார் தன் துண்டுக் காகிதத்தை அடுத்த வாரம் மகனிடம் காட்டினார். நான்தான் வற்புறுத்தினேன். மகன் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தானாம். ‘‘ஏம்பா இத்தனை வருஷம் சொல்லலை?’’ என்று மட்டும் கேட்டானாம். இப்போது மாதம் பிறந்தால் அவன் கணக்கிலிருந்து இவர் கணக்குக்கு 5,000 ரூபாய் தானாக வந்துவிடுகிற மாதிரி பாங்கில் ஏற்பாடு. கேட்க வேண்டாம், கொடுத்தேன் என்று சொல்லவும் வேண்டாம். இது திட்டமிடல் ஆகாது, கிழிந்த இடத்தில் போட்ட ஒட்டுதான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போன முகூர்த்தத்தன்று காலையில் சலவை வேட்டியில் இறங்கி வந்தார். பழைய ஆபீஸ் நண்பர் வீட்டுக் கல்யாணம். சாயங்காலம் திரும்பியதும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

‘‘சாப்பாடு எப்படி சார்?’’ என்றேன்.

‘‘சுமார்தான். ஆனா மொய் ஐந்நூறு எழுதினேன்’’ என்றார். ‘‘நோட்டு எழுதற பையன் வெறும் பேரைப் போட்டான். அடிச்சுட்டு இனிஷியலோட எழுதச் சொன்னேன்.’’